படலைக்குள் போகுமுன்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் உயர்தரப் பெறுபேறு பற்றி எழுதும்போது, பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் சமூகப்பணி, மனித சேவை என்று சொல்லப்படுகிற அறிமுகப் படிப்புகளையும் ஒருக்கால் எட்டிப் பார்க்கலாம் என்று மூன்று வரி எழுதியிருந்தேன். அந்த மூன்று வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் பார்ப்போம். புதிய வாசகர்களுக்காக ஒன்று: நான் சமூக சேவைகள் உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவன், இப்போது கிழமையில் இரண்டு நாள் இந்த அறிமுக வகுப்பைப் படிப்பிக்கிறவன். ஆகவே எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

*

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. சமூகப்பணி அறிமுக வகுப்பில் சேரப் போகிறேன் என்றால் அப்பா சிரிக்கிறார். 'சனத்துக்கு உதவி செய்யிறதுக்கும் ஒரு படிப்பா, அதுக்குக் காசும் கட்ட வேணுமா' என்கிறார். அதில் என்னதான் படிப்பிக்கிறார்கள்?
– மாணவி, கோண்டாவில்

பதில்: அப்பாவில் பிழை சொல்ல மாட்டேன் பிள்ளை. 1995 ஒக்டோபர் கடைசியில் போர் நெருங்கி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, முன்பின் தெரியாத குடும்பங்களை விறாந்தையிலும் மாட்டுக்கொட்டிலிலும் இருத்திச் சோறு போட்டவர்கள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. அப்பா அதை எல்லாம் கண்டவராக இருப்பார், சிரிக்கத்தான் செய்வார்.

ஆனால் ஒரு கதை சொல்கிறேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நெடுந்தீவில் இருந்து ஓர் ஆச்சி வந்தார். புருசன் இறந்துவிட்டார், ஏதோ உதவிப்பணத்துக்கு மரணப் பத்திரம் கேட்கிறார்களாம். நான் இரக்கம் நிறைந்த பெடியன், ஆச்சியைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, 'இதுக்கு ஏன் ஆச்சி இவ்வளவு தூரம் வந்தனீங்கள், உங்கட ஊர் ஒபிஸிலயே எடுக்கலாமே' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆச்சி கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை அதே கதிரைக்கு முன்னால் திரும்ப வந்து நிற்கிறார். ஐயா இறந்தது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில். மரணம் எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில்தான் அது பதியப்படும், இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்த்து இல்லை. அந்தக் காலத்தில் பிரதியும் அங்கேயே எடுக்க வேண்டும். அதாவது ஆச்சி முதல் நாள் என்னிடம் வந்து நின்றாரே, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அலுவல் முடிந்திருக்கும். வாடைக் காற்றுக் காலம், குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் அந்தக் கடலில் படகு, அதற்கு மேல் பஸ், இரண்டு முறை போக்கும் வரத்தும். என் தேத்தண்ணியால் ஆச்சிக்கு வந்த செலவு அது. நான் ஒரேயொரு கேள்வி கேட்கவில்லை: 'ஐயா எங்க மோசம் போனவர்?'

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குகிற படிப்புத்தான் இது. வகுப்பில் என்ன நடக்கும் என்றால், ஒரு பக்கம் வரலாறும் சட்டமும், இன்னொரு பக்கம் ஆளோடு கதைப்பது, கேட்பது, குறிப்பு எழுதுவது, வீட்டுக்குப் போவது. அப்புறம் கதவுகள், அதாவது எந்த அலுவலுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவு, 435 கிராம அலுவலர் பிரிவு. ஒரு பிரதேச செயலகத்துக்குள் போனால் சமூக சேவைகள் உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று மேசைகள் இருக்கும். 1987-இல் 13ஆவது திருத்தம் வந்தபிறகு சிலர் மாகாணத்தின் ஆட்கள், சிலர் மத்தியின் ஆட்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணம், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் மத்தி. இரண்டு பேரும் பார்ப்பது பிள்ளைகளின் அலுவல்தான், ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிற பிள்ளையின் அறிக்கையை எழுதுகிறவர் நன்னடத்தை உத்தியோகத்தர். இது தெரியாமல் ஒரு தாயைப் பிள்ளையோடு நாலு மேசைக்கு அலைத்து, நாலு இடத்திலும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அதே கதையைச் சொல்ல வைப்பது உதவியா?

தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது, ஆற்றுப்படுத்தல். பள்ளிக்கூடத்தில் ஆற்றுப்படை படித்திருப்பீர்கள். பரிசில் பெற்றுக்கொண்டு வருகிற பாணன், வழியில் வறுமையோடு நிற்கிற இன்னொரு பாணனைக் கண்டு, இன்னாரிடம் போ, இந்த வழியால் போ, வழியில் இன்ன இன்ன ஆபத்து இருக்கு, இந்த ஊரில் இன்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. எனக்கு இதில் பிடித்தது என்ன என்றால், சொல்கிறவன் அந்த வழியால் ஏற்கனவே நடந்து வந்தவன். வழி தெரியாமல் ஆச்சியை அனுப்பிய என்னைப் போல இல்லை.

*

கேள்வி: சமூக சேவை, சமூகப்பணி, மனித சேவை, மூன்றும் ஒன்றா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இல்லை. சமூக சேவை என்பது யாரும் செய்யலாம், ரத்ததானம், சிரமதானம் எல்லாம் அதில் அடங்கும். சமூகப்பணி ஒரு தொழில், பட்டமும் ஒழுக்கக்கோவையும் உள்ளது. மனித சேவை என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பிறந்த பெயர். 1963-இல் அங்கே சமுதாய மனநல நிலையங்களுக்கான சட்டம் வந்தது. பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளில் வருடக்கணக்காக அடைத்து வைத்திருந்தவர்களை ஊருக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பார்க்க ஆள் எங்கே? மனநல வைத்தியரும் காணாது, பட்டம் பெற்ற சமூகப்பணியாளரும் காணாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆளை இரண்டு வருடத்தில் பயிற்றி எடுப்போம் என்று கல்லூரிகள் தொடங்கியதுதான் அந்தப் படிப்பு.

அந்த ஆள் செய்கிற வேலையை அந்தக் காலத்திலேயே 13 பாத்திரங்களாகப் பிரித்து வைத்தார்கள்: தேடிப் போகிறவர், சனத்துக்காகக் கதைக்கிறவர், படிப்பிக்கிறவர், தகவல் சேர்க்கிறவர் என்று போகும். அதில் ஒன்று புரோக்கர். வகுப்பில் இதைச் சொன்னால் பெடியள் சிரிப்பார்கள், எங்களுக்குப் புரோக்கர் என்றால் கலியாணத் தரகர் அல்லது காணித் தரகர். ஆனால் நல்ல கலியாணத் தரகர் ஒருவர் இரண்டு வீட்டையும் விசாரித்து, யாரிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று நிதானித்து, இரண்டு பக்கமும் மானம் போகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் பாருங்கள், அந்த வித்தைதான் இதுவும்.

*

கேள்வி: நாற்பது வருடமாகக் கோயில் அன்னதானத்திலும் ஊர்ச் சங்கத்திலும் நிற்கிறேன். இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் கழுத்தில் அட்டையைக் கொழுவிக்கொண்டு வந்து, 'தேவை மதிப்பீடு' என்று எங்களிடமே கேள்வி கேட்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போட மதிப்பீடு எதற்கு?
– இளைப்பாறிய ஆசிரியர், தொண்டைமானாறு

பதில்: மாஸ்டர், சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று கும்பிடுகிற ஊரில் இருந்து எழுதியிருக்கிறீர்கள், உங்களோடு நான் தர்க்கம் பண்ணி வெல்ல ஏலாது. பசித்து வந்தவனுக்கு முதலில் இலை போட வேண்டும், கேள்வி பிறகு. அந்தப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பந்தியில் வந்து படிவம் நீட்டினார்கள் என்றால் அவர்களை அனுப்பியவருக்குத்தான் ஏச்சு விழ வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நூற்றைம்பது வருட வயது. 1869-இல் லண்டனில் தருமத்தை ஒழுங்குபடுத்த என்று ஒரு சங்கம் வந்தது. அவர்கள் வீடு வீடாகப் போய் விசாரிப்பார்கள், யார் உதவிக்குத் தகுதியானவர், யார் சோம்பேறி என்று பிரிப்பார்கள். இன்னொரு கூட்டம் 1884-இல் அதே லண்டனின் ஏழைப் பகுதியில் டொயின்பி ஹோல் என்று ஒரு மனையைத் தொடங்கி, படித்தவர்கள் அங்கேயே போய்க் குடியிருந்தார்கள். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜேன் அடம்ஸ் தன் தோழியோடு 1889-இல் சிக்காகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். 1931-இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தகுதி பார்க்கிற கூட்டமும் கூட இருந்து வாழ்கிற கூட்டமும் பிடித்த சண்டைதான் இந்தத் தொழிலின் முதல் அத்தியாயம். இதிலே வேடிக்கை என்ன என்றால், விசாரிக்கிற கூட்டத்துக்குள் இருந்து வந்த மேரி ரிச்மண்ட்தான் 1917-இல், ஆளை மட்டும் பார்க்காதே, அவரைச் சுற்றி உள்ள குடும்பம், அயல், வேலை, சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்று முறையாக எழுதி வைத்தார்.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 2023-இல் அஸ்வெசும என்கிற அரச உதவிப்பணப் பட்டியல் வந்தபோது எங்கள் ஒழுங்கைகளில் நடந்த கதை உங்களுக்குத் தெரியாதா? கல்வீடு இருக்கிறது, ஆனால் உழைக்க ஆள் இல்லை; படிவத்தில் கல்வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தது, தனிமைக்குப் பெட்டி இல்லை. அந்தப் பெட்டியை யார் வரைவது, எப்படி வரைவது என்று பிள்ளைகள் படிக்கட்டும் மாஸ்டர். உங்கள் பந்தியில் ஒருவர் மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் வருகிறார் என்றால் நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். ஏன் வருகிறார் என்று அவரோடு இருந்து கதைக்க அந்தப் பிள்ளைகளில் ஒன்றைப் பக்கத்தில் இருத்துங்கள். அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லி.

*

கேள்வி: மகள் கனடாவுக்குப் படிக்கப் போனாள். 'சோசல் சேர்விஸ் வேர்க்கர்' என்ற டிப்ளோமாவில் சேர்ந்திருக்கிறாளாம். அங்கே போய் வயது போனவர்களைக் குளிக்க வார்க்கவா இவ்வளவு காசு கட்டினோம் என்று இவர் துள்ளுகிறார்.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, இவருக்கு இரண்டு படிப்பு மாறிப்போய்விட்டது. குளிக்க வார்க்கிறது, சாப்பாடு தீத்துகிறது எல்லாம் அங்கே 'பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர்' (பி.எஸ்.டபிள்யூ) என்கிற தனிப் பயிற்சி (அதுவும் குறைவான வேலை இல்லை, இவருக்கு ஒரு நாள் தேவைப்படும்). மகள் ஒன்ராறியோவில் என்றால், அவள் படிப்பது அநேகமாக இரண்டு வருட டிப்ளோமா, களப்பயிற்சி கட்டாயம். முடித்தால் அந்த மாகாணத்தின் சமூகப்பணியாளர், சமூக சேவைப் பணியாளர் பதிவுச் சபையில் பதியலாம், 1998-இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். பதியாமல் அந்தப் பட்டப்பெயரைப் பாவிக்க முடியாது.

இன்னொன்று. முதல் தவணையிலேயே மகள் அங்கத்தைய முதற்குடி மக்களின் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் போட்ட கதையைப் படிப்பாள், 1960களில் சமூகப்பணியாளர்களே பிள்ளைகளை வீடுகளில் இருந்து எடுத்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்த கதையையும் படிப்பாள். நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள். 2015-இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான கனடாவின் ஆணைக்குழு 94 அறைகூவல்களை வெளியிட்டது, அதில் முதலாவது பகுதியே சிறுவர் நலன். மகள் போனில் கொஞ்சம் மனம் குழம்பிக் கதைத்தால், படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: இந்த வகுப்பு முடித்தால் கவுன்சிலிங் செய்யலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: ஏலாது. உளவளத்துணைக்குத் தனிப் பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும். அறிமுக வகுப்பு படித்தவர் செய்ய வேண்டியது, இது எனக்கு மேலான விடயம் என்று நேரத்துக்கு உணர்ந்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கோ, அவசரம் என்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கோ வழிகாட்டுவது. பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்தால் நிறுத்துங்கள்.

*

கேள்வி: களப்பயிற்சியில் நானும் சக மாணவியும் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த அக்கா நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் இருக்கிறார். சொல்லிச் சொல்லி அழுதார், எனக்கும் அழுகை வந்துவிட்டது. பேர்சில் இருந்த 2000 ரூபாவை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மேற்பார்வையாளர் எல்லாருக்கும் முன்னால் ஏசினார். நான் செய்தது அவ்வளவு பெரிய பிழையா?
– பயிற்சி மாணவி, பருத்தித்துறை

பதில்: எல்லாருக்கும் முன்னால் ஏசியது பிழை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழுதது பிழை இல்லை. பீஸ்டெக் என்று ஒரு யேசுசபைப் பாதிரியார் 1957-இல் இந்தத் தொழிலுக்கு ஏழு விதி எழுதினார், இன்றைக்கும் எல்லா அறிமுக வகுப்பிலும் அது வரும். அதில் ஒன்று உணர்ச்சியைக் கட்டுப்பாட்டோடு ஈடுபடுத்துவது பற்றியது. உணர்ச்சியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கடிவாளம் உன் கையில் இருக்கட்டும் என்றுதான் சொன்னார். கண் கலங்கலாம். ஆனால் அந்த அக்கா தன் அழுகையை நிறுத்திவிட்டு உங்களைத் தேற்ற வெளிக்கிட்டாரா? அப்படி என்றால் அந்த நேரம் யாருடையது ஆகிவிட்டது என்று யோசியுங்கள்.

இனி 2000 ரூபா. அது எங்கே போயிருக்கும்? கிழமைக் காசு எடுக்க வருகிறவரின் பைக்குள். அடுத்த முறை நீங்கள் போனால் அந்த அக்கா உங்களைப் பார்க்கிற பார்வையில் ஒரு கடன் இருக்கும், ஏற்கனவே உள்ளவற்றோடு இன்னொன்று. உண்மையை உங்களிடம் சொல்ல யோசிப்பார், புதிதாக இன்னொரு கடன் எடுத்திருந்தால் மறைப்பார். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகிற மாணவியிடம் காசு இருக்காது, 'முந்தி வந்த பிள்ளை நல்ல பிள்ளை' என்பார்கள். பக்கத்து வீட்டில் மூன்று பேர் உங்களுக்காகப் படலையில் நிற்பார்கள். இது எல்லாம் 2000 ரூபாவுக்கு.

கேட்டிருக்க வேண்டியவை வேறு. எத்தனை கடன், எத்தனை இடத்தில்? ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்ததா? குழுவாகப் பிணை நின்றதா, அப்படி என்றால் இவர் கட்டாவிட்டால் எந்த எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும்? காசு எடுக்க என்ன கிழமை, எத்தனை மணிக்கு வருகிறார்கள், எப்படிக் கதைக்கிறார்கள்? ஒப்பந்தக் கடதாசி கையில் இருக்கிறதா, அது எந்த மொழியில் இருக்கிறது? வீட்டில் யாருக்கு இந்தக் கடன் தெரியாது? கடைசிக் கேள்விதான் சில வேளை முழுக் கதையையும் திறக்கும், அதனால் அதை முதல் நாளே கேட்கவும் கூடாது.

இவற்றைக் கேட்க முதல் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். என் வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பேன். இரண்டிரண்டு பேராக நேருக்கு நேர் இருத்தி, ஒருவர் மூன்று நிமிடம் தன் கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவர் புத்தி சொல்லக் கூடாது, தேற்றக் கூடாது, தன் கதையைச் சொல்லக் கூடாது. ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் 'ஒண்டுக்கும் யோசியாத, எல்லாம் சரி வரும்', 'எங்கட மாமிக்கும் இப்பிடித்தான்', 'நல்லூரானை நினைச்சுக்கொள்' என்று தொடங்கிவிடுவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் எதிரில் இருப்பவர் வாய் மூடிவிடும், பாருங்கள். அந்த மூன்று நிமிடம் வாய் மூடி இருப்பது 2000 ரூபா கொடுப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்கே இன்னும் படுகிறது.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதீர்கள். அடுத்த முறை போகும்போது, 'அண்டைக்கு மனம் கேளாமல் தந்திட்டன் அக்கா, இனித் தர ஏலாது, ஆனா உங்கட கடதாசியளை ஒருக்கா இருந்து பாப்பம்' என்று நேராகச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரிடமும் அதைச் சொல்லிவிட்டே போங்கள்.

*

கேள்வி: எங்கள் ஊரில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம், மீதிப் பேருக்கு என் அம்மாவைத் தெரியும். இரகசியம் காக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். இங்கே எப்படி?
– பயிற்சி மாணவர், காரைநகர்

பதில்: பாடப் புத்தகங்கள் ஆளை ஆள் தெரியாத நகரங்களில் எழுதப்பட்டவை. அங்கே அறைக் கதவைச் சாத்தினால் இரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும். எங்கள் ஊரில் உங்கள் மோட்டார் சைக்கிள் யாருடைய படலையில் நிற்கிறது என்பதே ஒரு செய்தி. அதனால் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். சைக்கிளைக் கோயிலடியிலோ கடையடியிலோ விட்டுவிட்டு நடந்து போவேன். கோப்பைக் கையில் பிடிக்க மாட்டேன், துணிப்பைக்குள் போகும். ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மட்டும் போகாமல் இரண்டு மூன்று வீட்டில் நின்று கதைப்பேன். கலியாண வீட்டிலோ திருவிழாவிலோ அந்த ஆளைக் கண்டால், அவர் தலையாட்டும்வரை நான் தலையாட்ட மாட்டேன். இதை முதல் சந்திப்பிலேயே அவருக்குச் சொல்லியும் வைப்பேன், இல்லாவிட்டால் 'கண்டும் காணாமல் போறார்' என்று அதுவும் ஒரு கதையாகிவிடும். அம்மா கேட்பார். 'இண்டைக்கு எங்க போனனி?' வேலைக்கு.

நெருங்கின சொந்தக்காரர் வீடு என்றால் எடுக்காதீர்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு ஆளிடம் மாற்றுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் 'நீங்கள் சொல்வதை ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து, அல்லது அவரே தன் உயிருக்கு ஏதும் செய்துவிடுவார், அல்லது இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும், அதைக் கதை தொடங்க முதலே சொல்லிவிட வேண்டும். பிள்ளை சம்பந்தமாக என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, பெண்கள் சம்பந்தமாக 1938, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். வீட்டு வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொலிஸுக்குப் போகாமலே நீதவான் நீதிமன்றத்தில் நேராகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பது எங்கள் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரகசியம் வாயால் மட்டும் போவதில்லை, எழுத்தாலும் போகும். குறிப்பேட்டில் மூன்றைக் கலக்காதீர்கள்: நீங்கள் கண்டது, அவர் சொன்னது, நீங்கள் நினைத்தது. ஒரு மாணவர் எழுதிக் கொண்டு வந்தார், 'வீடு ஊத்தை, தாய் பிள்ளைகளில் அக்கறை இல்லாதவர்' என்று. என்ன கண்டாய் என்று கேட்டுக் கேட்டு எழுதுவித்தேன். 'காலை 10 மணிக்குப் போனேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றார்கள். தாய் படுத்திருந்தார். நண்டுக் கம்பனியில் இரவு வேலை முடிந்து காலையில்தான் வந்ததாகச் சொன்னார்.' அதே வீடு. முதல் எழுத்தை வைத்து ஒரு பிள்ளையைத் தாயிடம் இருந்து பிரிக்கலாம், இரண்டாவதை வைத்து அந்தத் தாய்க்குப் பகல் வேலை தேடலாம். நீங்கள் எழுதியதை நாளைக்கு அந்த ஆளே வாசிக்க நேர்ந்தால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

*

கேள்வி: வேலை கிடைக்குமா? நேராகச் சொல்லுங்கள்.
– வாசகர், கொடிகாமம்

பதில்: அறிமுக வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்து அரச வேலை கிடைக்காது, அதற்கு ஆட்சேர்ப்புத் திட்டம், போட்டிப் பரீட்சை எல்லாம் உண்டு. தொண்டு நிறுவனங்களில் கிடைக்கும், ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் அந்த நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் எத்தனை ஓடின, இப்போது எத்தனை ஓடுகின்றன என்று பாருங்கள். இந்த வழியில் போக விருப்பம் என்றால் அடுத்த படி, 1952-இல் தொடங்கி இன்றைக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக இருக்கிற இடத்தில் சமூகப்பணி டிப்ளோமா, பட்டம். அல்லது சமூகவியல். வேலைக்காக மட்டும் என்றால் வேறு ஏதும் படியுங்கள், கோபிக்க வேண்டாம்.

*

கேள்வி: வீட்டுக்குப் போனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தருகிறார்கள். வாங்கலாமா?
– பயிற்சி மாணவி, அச்சுவேலி

பதில்: அங்கேயே வெட்டச் சொல்லி எல்லாரோடும் இருந்து ஒரு துண்டு சாப்பிடுங்கள். பையில் கட்டித் தருவதை வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன், அந்தப் பழம் அப்படி.

*

கேள்வி: முதல் கிழமை வீட்டுவேலையாக, ஏதாவது ஓர் அரச ஒபிஸில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். போய் இருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. என்னத்தை எழுதுவது?
– மாணவன், நல்லூர்

பதில்: தம்பி, நீர் போனது அநேகமாகப் பின்னேரம். பொதுமக்கள் நாளில், காலை எட்டரைக்கு முதல் திரும்பப் போம்.

வாசலில் எத்தனை படி இருக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவர் எந்தப் பக்கத்தால் ஏறுவார் என்று பாரும். இது 1996-இலேயே சட்டமான விடயம். உள்ளே வருகிறவர் முதலில் யாரிடம் கேட்கிறார்? பெயர்ப்பலகையை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், காவலாளியிடமோ பியோனிடமோதான் கேட்பார்கள். அந்த மனுசன் கைகாட்டுகிற மேசை சரியான மேசையா என்று பின்னாலேயே பாரும். யன்னலுக்குள் குனிந்து கதைக்க வேண்டியிருக்கா? யாரை 'அம்மா' என்கிறார்கள், யாரை 'நீ' என்கிறார்கள்? மடியில் ஒரு சொப்பிங் பை வைத்திருக்கிற கிழவி ஒருவர் கட்டாயம் இருப்பார். அதற்குள் பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், காணி உறுதி, இடம்பெயர்ந்த காலத்துப் பதிவு அட்டை எல்லாம் பொலித்தீன் சுற்றி இருக்கும். எதைக் கேட்பார்கள் என்று தெரியாததால் அவர் எல்லாவற்றையும் கொண்டு வந்திருப்பார். எத்தனை முறை அந்தப் பையை அவிழ்த்துக் கட்டுகிறார் என்று எண்ணும்.

பேனை ஒன்று கொண்டு போம், ஆனால் குறிப்பு எழுத அங்கே வெளியில் எடுக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து எழுதலாம். சட்டைப்பையில் பேனையைக் கண்டால் அரை மணித்தியாலத்துக்குள் யாராவது 'தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாறீரே' என்று படிவத்தை நீட்டுவார்கள். நிரப்பிக் கொடும். நிரப்பும்போது என்ன என்ன கேட்டீர், அவர் எந்தக் கேள்வியில் தயங்கினார் என்பதை அன்றிரவே எழுதும், அதுதான் உம்முடைய ஒரு பக்கம்.